கேட்காத இடத்தில்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கிக்கொண்டு பகலெல்லாம் படுத்திருப்பார். முதல் ஷிஃப்ட்காரர் மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுச் சாய்வார். எங்கள் தெருவில் குக்கருக்கு மட்டும்தான் சத்தம் போட உரிமை இருந்தது. பிள்ளைகளைக்கூட, "மாமாவுக்கு நைட் ஷிஃப்ட், கத்தாதே" என்று சொல்லித்தான் வளர்ப்போம். அப்படிப்பட்ட தெருவில், என் வீட்டுச் சுவரை ஒட்டிய குவார்ட்டர்ஸுக்கு, சாக்ஸபோன் வாசிக்கிற ஒரு பெண் கல்யாணமாகி வந்து சேர்ந்தார்.

வந்த மறுநாள், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அஞ்சலை பாத்திரச் சாம்பல் கையோடு பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள். அவள் பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரி.

"யக்கா, பக்கத்து வூட்டுல மாடு கண்ணு போட முடியாம கத்திக்கினு இருக்குதேன்னு எட்டிப் பாத்தேன். மாடு இல்லக்கா, அந்தப் புதுப் பொண்டாட்டி! இம்மாம் பெரிய பித்தளைக் கொழாய வாயில வச்சிக்கினு நிக்குது."

புதுப் பொண்டாட்டிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பெரம்பூர்க்காரர். பக்கத்து வீட்டுச் சுரங்க ஆபரேட்டர், மனைவியைப் பறிகொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் பையனோடு சில வருஷம் தனியாக இருந்தவர். சொந்த ஊரான பெரம்பூருக்குப் போய், சின்ன வயதிலிருந்தே தெரிந்த இவரை சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்து அழைத்து வந்தார். நான் அக்கா என்று கூப்பிட்டேன். தெருவில் மற்றவர்கள் வைத்த பெயர் பீப்பிக்காரம்மா.

சாக்ஸபோனின் வாய்ப்பகுதியில் ரீடு என்ற மெல்லிய நாணல் சீவலைப் பொருத்துவார்கள். அது எச்சிலில் ஊறியிருந்தால்தான் வாத்தியம் பேசும். அக்கா அதை எந்நேரமும் வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டிருப்பார். குழம்பு கிளறும்போதும், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் உதட்டோரம் அது நீட்டிக்கொண்டிருக்கும். வாத்தியத்தை மாட்டும் கறுப்புப் பட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து, கொக்கி ஆட ஆட ரேஷன் கடை வரிசையில் வந்து நிற்பார். பெண்கள் முழங்கையால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். அவர் அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "முன்னாடி போங்கம்மா, வரிசை நவுருது" என்பார்.

முதல் வாரமே எதிர்வீட்டு ஃபோர்மேன் சண்டைக்கு வந்துவிட்டார். தூக்கம் கெட்டுக் கண் சிவந்திருந்தது.

"ஏம்மா, மனுஷன் தூங்கறதா வேணாமா? பகல்ல தூங்கினாத்தான் ராத்திரி மிஷின் பக்கத்துல நிக்க முடியும். கண்ணு அசந்தா கையே போயிடும். தெரியுமா உங்களுக்கு?"

"சாரி சார். உங்களுக்கு எப்ப ஷிஃப்ட் மாறும்?"

"அடுத்த வாரம்."

"அப்ப அடுத்த வாரம் வாசிக்கட்டுமா?"

"அடுத்த வாரம் பின்வீட்டுக்காரருக்கு நைட்டு!"

அக்கா சிரித்துவிட்டார். அதை ஃபோர்மேன் கடைசிவரை மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா பாத்ரூம் கதவில் மெத்தையைச் சாத்தி வைத்துக்கொண்டு, வாத்தியத்தின் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு சாதகம் செய்தார். சுவருக்கு இந்தப் பக்கம் கணக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டிருக்கும் எனக்கு, யாரோ தலையணையில் முகம் புதைத்து அழுவதுபோலக் கேட்கும். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். சுரங்க மண்ணைக் கொட்டி மேடாக்கி மரம் வளர்த்திருந்த பக்கம் சைக்கிளில் போய் வாசித்துப் பார்த்தார். அங்கே செக்யூரிட்டி வந்து, "இங்கெல்லாம் ஆள் வரக் கூடாதும்மா" என்று திருப்பி அனுப்பினார். ஒரு ஊரே நிலத்தைத் தோண்டிக்கொண்டு இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும்போது, ஒரு பொம்பிளை ஊதுகிற சத்தம்தான் இடைஞ்சல் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தோம்.

அந்த வருஷம் மகளிர் மன்ற விழாவில் அக்காவை வாசிக்கவைக்கலாம் என்று சொன்னது நான்தான். கமிட்டியில் நானும் இருந்தேன். கோலப்போட்டிக்கும் சமையல் போட்டிக்கும் நடுவில் ஒரு இடம் கொடுத்தார்கள். அக்கா நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். மேடையில் கண்ணை மூடி ஒருமுறை மூச்சை இழுத்து, கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். நான் அதற்கு முன்னால் துண்டு திணிக்காத சாக்ஸபோனைக் கேட்டதில்லை. எனக்குச் சங்கீதம் தெரியாது. என் முன்கையில் மயிர் குத்திட்டு நின்றது மட்டும் தெரியும்.

முன்வரிசையில் இரண்டு அதிகாரிகளின் மனைவிகள் ஒரு புடவைப் பார்டரைக் கையில் எடுத்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பின்வரிசையும் பேச ஆரம்பித்தது. அக்கா அந்த முன்வரிசையையே பார்த்து வாசித்தார். பிறகு, பாதி அடியில், ஒரு வாக்கியத்தின் நடுவில் நாக்கை மடக்கிக்கொண்டதுபோல நிறுத்தினார். மவுத்பீஸைத் திருகிக் கழற்றினார். எச்சிலை உதறினார். பெட்டியில் வைத்து மூடினார். பெட்டியின் கொக்கியை மாட்டிய டப்பென்ற சத்தத்தில்தான் முன்வரிசை நிமிர்ந்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார் ஒரு அம்மா.

"இல்லீங்க. நீங்க முடிங்க," என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போய்விட்டார்.

செயலாளர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன திமிரு பாத்தீங்களா! இதுக்குத்தான் இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் மேடையேத்தக் கூடாதுன்னு சொன்னேன்." எந்த மாதிரி ஆளுங்க என்று நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் அது புரிந்துதான் இருந்தது.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். எனக்கும் கோபம்தான். அவர் இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா, எனக்காகவாவது ஒரு பாட்டை முடிச்சிருக்கலாம் இல்ல?"

"கேக்காத எடத்துல ஊத மாட்டேன்மா. பழகிடுச்சு."

அன்றைக்குத்தான் அவர் தொழில் கதையைச் சொன்னார். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். சாயங்காலத்தில் ரயில்வே இன்ஸ்டிடியூட் பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். அண்ணன்கள் யாரும் தொடாத ஒரு பழைய சாக்ஸபோனை இவர் பாவாடை சட்டை வயதில் எடுத்து ஊதியிருக்கிறார். அப்பாவிடமிருந்த இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே ஜாஸ் பிடிபட்டிருக்கிறது. மவுண்ட் ரோடு ஹோட்டல் ஒன்றில் வேலை, பம்பாயில் வேலை, நடுவில் சினிமா ரெக்கார்டிங், பிறகு பயணிகள் கப்பலில் வேலை என்று அவர் சொன்ன எல்லாக் கதைகளும் ஒரே இடத்தில்தான் போய் நின்றன. "பெட்டிய மூடினேன், வந்துட்டேன்."

மவுண்ட் ரோடு ஹோட்டலில் ஒருவன் கிளாஸில் ஐஸைக் குலுக்கி, இவரைப் பார்த்து, "ஏய், சினிமா பாட்டு ஊது" என்றிருக்கிறான். அவன் பெரிய இடத்துப் பிள்ளை. பெட்டியை மூடினார். சினிமா ரெக்கார்டிங்கில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் யாருக்கோ ஜோக் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வயலின்காரங்க அத்தினி பேரும் வில்லைத் தூக்கி வெச்சுகினு என்னையே பாக்குறாங்க. மியூசிக் டைரக்டர் கையெடுத்துக் கும்பிடறாரு. எனக்கு வரலம்மா. விரலு வெச்சா எடத்துல நிக்குது, காத்து வரல."

அதற்குப் பிறகு ரெக்கார்டிங்குக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கப்பலில் கேப்டனின் விருந்தில் இதே கதை. அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள்.

"கொஞ்சம் பொறுத்துப் போயிருந்தா இன்னிக்கு எப்படி இருந்திருப்பீங்க?"

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க." அவர் இறால் குடலை உருவி எறிந்தார். "சொல்றேன் கேளு. ஜாஸ்ல பாட்டை ஒரு வாட்டி சொல்லுவோம். அப்புறம் அத வெச்சுகினு நாமளா பேசணும். நேத்து பேசினத இன்னிக்குப் பேசக் கூடாது. எதிர்ல இருக்கறவன் மூஞ்சியப் பாத்துத்தான் எனக்கு அடுத்த வார்த்தை வரும். அவன் மூஞ்சியத் திருப்பிகினா நான் இன்னா பேசறது? நீ சொல்லேன். நான் இப்ப பேசிகினு இருக்கேன், நீ எழுந்து போய் ஜன்னல்ல நின்னா, நான் இந்த எறாலப் பாத்துப் பேசுவேனா?"

"அப்ப உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டேன். அவருடைய கணவர் பல வருஷம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டை ஓட்டும் மோட்டார் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்று காது மந்தமாகிப் போனவர். அவரிடம் பேச வேண்டுமென்றால் தோளைத் தொட்டுத்தான் பேச வேண்டும்.

"அவருக்குக் கேக்காது. ஆனா பக்கத்துல வந்து ஒக்காந்துகினு வாத்தியத்து மேல கைய வெச்சுக்குவாரு. அதிருதுல்ல, அது போதுமாம்." முதல்முறையாக அவர் முகம் சிவந்ததைப் பார்த்தேன்.

நான் அவரை நேசித்தேனா என்று கேட்டால் உடனே ஆமாம் என்று சொல்ல வராது. அவரோடு பேசுவது லேசான காரியம் இல்லை. நாம் பேச்சுக்கு நடுவே அடுப்பை எட்டிப் பார்த்தால்கூட அவர் சொல்லிக்கொண்டிருந்ததை விட்டுவிடுவார். திரும்ப எவ்வளவு கேட்டாலும் வராது. "ஒண்ணுமில்ல, உடு" என்பார். ஒருமுறை அவருக்கு வயிற்றில் கட்டி இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார். என்னிடம் சொல்ல ஆரம்பித்த நேரத்தில் என் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்தேன். அந்த ஸ்கேனில் என்ன இருந்தது என்பது எனக்குப் பல மாதம் கழித்து அவர் கணவர் சொல்லித்தான் தெரியும். நல்லவேளை, கெடுதலாக ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

பையன் பெயர் டேனியல். அக்காவை அவன் அம்மா என்று கூப்பிட்டதில்லை. ஆன்ட்டி. ட்யூஷனுக்கு என்னிடம்தான் வருவான். ஒருநாள் தானாகவே சொன்னான். "மிஸ், எங்க வீட்ல யாரும் யார்கிட்டயும் பேச மாட்டோம். அப்பாவுக்குக் கேக்காது. ஆன்ட்டி நான் போனைப் பாத்தா நிறுத்திடுவாங்க. நான் எப்பவும் போனைத்தான் பாப்பேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். பதினாறு வயதுப் பையனின் சிரிப்பு இல்லை அது. ஆனால் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அக்கா அவன் கட்டிலருகே தரையில் பாய் போட்டுப் படுப்பார். அவன் பள்ளிக்கூடச் சட்டையை அவரைத் தவிர வேறு யாரும் இஸ்திரி போட்டதில்லை. இரண்டுமே உண்மை.

'தானே' புயல் அடித்தபோது எங்கள் ஊர் என்ன ஆனது என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலா, முந்திரி, தைலமரம் எல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊரில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை, ஃபேன் ஓடவில்லை, டிவி இல்லை, எல்லோருடைய போனும் செத்துக் கிடந்தது. அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், தெருவே வாசலுக்கு வந்து விழுந்த மரங்களின் மேல் உட்கார்ந்திருந்தது. அக்கா பெட்டியோடு வெளியே வந்தார். யாரிடமும் கேட்கவில்லை. ஒரு பலா மரத்தின் வேரடியில் சாய்ந்து நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

யாருக்கும் போக்கிடம் இல்லை. கேட்டோம். முதலில் ஏதோ சர்ச் பாட்டுப்போல இருந்தது. பிறகு அது எங்கெங்கோ போயிற்று. என் வீட்டுக்காரரைப் பார்த்து ஒன்று வாசித்தார், அவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார். அஞ்சலையைப் பார்த்து ஒன்று வாசித்தார், அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். அவளுடைய கூரை பறந்துபோயிருந்த நேரம் அது. ஃபோர்மேனைப் பார்த்து மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் கொடுத்தார், தெருவே கொல்லென்று சிரித்தது, அந்த மனுஷனும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக ஒன்றை எடுத்தார். ஃபோர்மேன் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். டேனியல் படிக்கட்டில் உட்கார்ந்து ஆன்ட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது தெருவிளக்கு எரிந்தது.

"கரண்ட் வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். ஹோவென்று ஒரே கூச்சல். மோட்டார் போட ஓடினார்கள், போனுக்குச் சார்ஜ் போட ஓடினார்கள், பிள்ளைகள் டிவிக்கு ஓடினார்கள். அஞ்சலைகூட என் வீட்டுத் தொட்டியை நிரப்ப ஓடினாள். நான் எழுந்து பாதி வாசலில் நின்றேன். டேனியலும் உள்ளே போய்விட்டான். அக்கா வாசிப்பதை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. மரத்தடியில் மவுத்பீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் மட்டும் பக்கத்தில் நின்று, என்ன நடந்தது என்று புரியாமல் எங்கள் எல்லோருடைய முதுகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவர் ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். டவுன்ஷிப்பை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடி வீடு வாடகைக்குப் பிடித்தார்கள். கீழே வெல்டிங் பட்டறை. "இப்ப எவ்ளோ வேணாலும் ஊதலாம்மா, எவனுக்கும் கேக்காது" என்றார் அக்கா. டேனியல் ஐடிஐ முடித்துவிட்டுச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டராகப் போய்க்கொண்டிருந்தான். அப்பா பெர்மனென்ட், பிள்ளை கான்ட்ராக்ட். எங்கள் ஊரில் பாதி வீட்டின் கதை இதுதான். கான்ட்ராக்ட் ஆளுக்கு கேட் பாஸ்தான் உயிர். அது புதுப்பிக்கப்படாவிட்டால் மறுநாள் வாசலில் நிறுத்திவிடுவார்கள். அவனுடைய பாஸ் ஒருமுறை புதுப்பிக்கப்படாமல் நின்றுபோனது. கான்ட்ராக்டரின் மேஸ்திரியிடம் அவன் ஏதோ எதிர்த்துப் பேசிவிட்டானாம்.

அக்காவே கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போயிருக்கிறார். மந்தாரக்குப்பத்தில் புதிதாக மாடிகட்டி டைல்ஸ் ஒட்டிய வீடு. அந்த ஆள் கெட்டவர்போலப் பேசவில்லை. மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்.

"ஒக்காருங்கம்மா. பையன் வாய்தான் கொஞ்சம் நீளம். பாத்துக்கலாம் வுடுங்க. ஆமா, நீங்க அந்த பீப்பி ஊதுவீங்களாமே? அடுத்த மாசம் நம்ம பொண்ணு ரிசப்ஷன். பாட்டுக் கச்சேரிக்குச் சொல்லி வச்சிருக்கேன். அவங்களோட வந்து நீங்களும் ரெண்டு ஊது ஊதுங்களேன். லேடீஸ் ஊதினா ஜனம் வேடிக்க பாக்கும்."

அக்கா சரி என்றாராம். இதை என்னிடம் சொன்னது டேனியல். "ஆன்ட்டி எப்படியும் நடுவுல எழுந்து போயிடுவாங்க மிஸ். அதோட என் வேலையும் போச்சு," என்றான். அவன் குரலில் ஒரு எரிச்சல். கூடவே, அப்படி எழுந்து போய்விட்டால் நன்றாக இருக்கும் என்பதுபோலவும் எனக்குப் பட்டது.

ரிசப்ஷனுக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். கல்யாண மண்டபத்தில் மாடியில் மேடை, கீழே சாப்பாட்டுக் கூடம். மேடையின் ஓரத்தில் கச்சேரிக்காரர்கள். ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், பாட இரண்டு பேர். அவர்களுக்கு அருகில் அக்கா அதே நீலப் புடவையில் நின்றிருந்தார். மைக்கைப் பிடித்திருந்தவர், "லேடீஸ்னா சும்மா இல்லீங்க, ஆம்பளைங்களே திணறுற வாத்தியம், ஊதித் தள்ளப்போறாங்க, ஒரு பெரிய கைத்தட்டல்!" என்றார். ஒன்றிரண்டு பேர் தட்டினார்கள்.

அக்கா சினிமாப் பாட்டு வாசித்தார். ரேடியோவில் எப்படி வருமோ அப்படியே. ஒரு சுரம் கூடுதலும் இல்லை, ஒரு சுரம் குறைவும் இல்லை. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிரே இருந்த டியூப் லைட்டைப் பார்த்து வாசித்தார். மேடையில் ஃபோட்டோவுக்கு வரிசை நின்றது. பிள்ளைகள் நாற்காலிகளுக்கு இடையில் ஓடினார்கள். கான்ட்ராக்டரின் தம்பி மேடையேறி வந்து, அக்காவின் காதருகே கத்தி ஏதோ ஒரு பாட்டைக் கேட்டார். அதையும் வாசித்தார். போன் பேச முடியவில்லை என்று யாரோ சொன்னதால் ஒருவர் போய் மைக்கின் சத்தத்தைக் குறைத்தார். அதற்கும் வாசித்தார். நான் அந்தப் பெட்டிக் கொக்கியின் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இப்போது நிறுத்துவார், இந்த அடியோடு நிறுத்துவார் என்று சேலை நுனியை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிறுத்திவிடுங்கள் அக்கா என்று மனதுக்குள் கெஞ்சினேன். வேலை போனால் போகட்டும் என்று நினைப்பது எனக்குச் சுலபம். போகப்போவது என் வீட்டு வேலை இல்லையே.

பந்திக்குக் கூப்பிட்டார்கள், கீழே இறங்கினோம். கான்ட்ராக்டர் தன்னிடம் வேலை பார்க்கும் பையன்களைத்தான் பரிமாற நிறுத்தியிருந்தார். என் இலைக்கு ரசம் ஊற்ற வந்தது டேனியல். "நல்லா சாப்பிடுங்க மிஸ்" என்றான். தலைக்கு மேலே சாக்ஸபோன் கேட்டுக்கொண்டேயிருந்தது. அவன் ஒருமுறைகூட மேலே நிமிரவில்லை. நான் பாயசம்வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நொடி நிற்கவில்லை அந்தச் சத்தம்.

டேனியலுக்கு கேட் பாஸ் கிடைத்தது. சில மாதத்தில் அந்த வேலையே வேறொரு கான்ட்ராக்டர் கைக்குப் போயிற்று. புதியவர் தன் ஊர் ஆட்களைக் கூட்டி வந்தார். டேனியல் சென்னைப் பக்கம் ஏதோ கார் கம்பெனிக்கு, அங்கேயும் கான்ட்ராக்டாக, போனான். அப்பாவுக்கு மட்டும் அவ்வப்போது வீடியோ காலில் முகத்தைக் காட்டுவான் என்று கேள்விப்பட்டேன்.

அக்காவுக்கு அந்த ரிசப்ஷனோடு புதுத் தொழில் ஒன்று வாய்த்துவிட்டது. அதே கச்சேரிக்காரர்கள் அவரை நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டார்கள். செல்போன் கடைத் திறப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, பிறந்தநாள். வடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் என்று வேனில் போய்வந்தார். யார் பேசினாலும், யார் குறுக்கே போனாலும், பந்தியில் இலை மடித்தாலும், அவர் பாட்டை முழுதாக முடித்தார். மகளிர் மன்றச் செயலாளர் அம்மாவை மார்க்கெட்டில் பார்த்தபோது அவரே பேச்சை எடுத்தார்.

"அந்தம்மா இப்ப ரொம்ப மாறிட்டாங்க இல்ல? எங்க சொந்தக்காரங்க வீட்டு ஃபங்ஷன்ல பாத்தேன். எவ்ளோ அடக்கமா, பணிவா! முன்னாடியே இப்படி இருந்திருந்தா எங்கேயோ போயிருப்பாங்க."

எனக்கு அந்த அம்மாவின் காய்கறிப் பையைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரரும் ஓய்வுபெற்று நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்புகிற சமயம். மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். பெட்டி காலருகில் இருந்தது. கச்சேரிக்காரர்களின் வேன் ரிப்பேராம், பண்ருட்டிக்குப் பஸ்ஸில் போவதாகச் சொன்னார். மேல்வரிசையில் ஒரு பல் போயிருந்தது. அதனால் வாயில் வாத்தியத்தை நிறுத்துவது சிரமம் என்றார். "அதனால ஒண்ணும் பாதகமில்ல. இந்தப் பாட்டுங்களுக்கு அரை வாயே போதும்."

நெடுநாளாகக் கேட்க நினைத்ததை அங்கே வைத்துக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு ரிசப்ஷன்ல நீங்க ஏன் நிறுத்தல?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார் சொன்னா? நிறுத்தினேனே."

"எப்பக்கா?"

"பந்தி நடக்கறப்ப, ஒரு பாட்டு நடுவுல. தாங்கலம்மா எனக்கு. டேனியல் வேலையாவது ஒண்ணாவதுன்னு வாய எடுத்துட்டேன். பெட்டியையும் தொறந்துட்டேன். பாத்தா, பாட்டு பாட்டுக்குப் போயிகினு இருக்கு. அந்தக் கீபோர்டுக்காரன் ஒரு பட்டனை அமுக்கி சாக்ஸபோன் சவுண்டுல எடுத்துகினான். தப்பே இல்லாம வாசிக்கிறான். ஃபோட்டோ எடுக்கறவங்க எடுத்துகினே இருக்காங்க. ஒருத்தர்கூடத் திரும்பல. பெட்டிய மூடினேன் பாரு, அந்தச் சத்தம்கூட எனக்கே கேக்கல." அவர் தோளைக் குலுக்கினார். "நிறுத்தினா தெரியறதுக்காவது எவனாவது கொஞ்சம் கேக்கணும் இல்ல? அடுத்த பாட்டுக்கு எடுத்து மாட்டிகினேன். அவன் பட்டனை உட்டுட்டான். அதுவும் யாருக்கும் தெரியல."

"எனக்குத் தெரிஞ்சுதுக்கா," என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை. "நான் கீழ சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். ஏதோ மாறிச்சுன்னு தெரிஞ்சுது."

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டார். தூரத்தில் பண்ருட்டி பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார், பழைய மாதிரி, அடுத்த வார்த்தையை என் முகத்தில் தேடுவதுபோல.

"எந்தப் பாட்டுல?" என்று கேட்டார்.

பஸ் வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்தார்கள். கண்டக்டர் பெட்டியை மேலே போடச் சொல்லிக் கத்தினார். அவர் படியில் ஒரு காலை வைத்தபடி, எனக்காக இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.